காப்ஸ்யூல் நின்ற இடம்

கவியாவின் வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. சிறுகுடலின் நடுப்பகுதிக்கு அந்தக் குழாய்கள் எட்டாதாம். அதனால்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கேமரா பொதிந்த காப்ஸ்யூலை அவளுக்குக் கொடுத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை அதை ஒரே மடக்கில் விழுங்கியதும் நர்ஸ் ஜெனிட்டா கைதட்டியே விட்டாள். அப்பன் கலைவாணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் அந்தப் பெருமை காற்றில் பறந்தது. காப்ஸ்யூல் உள்ளிருந்து அனுப்பிய படத்தை ஓட்டிக்கொண்டிருந்த டாக்டர் பிரபாவதி சட்டென்று நிறுத்தினார். திரையில், இளஞ்சிவப்புக் குடலுக்கு நடுவே, பழுப்பாக, பளபளப்பாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

"காப்ஸ்யூல் இதைத் தாண்டவே இல்லை. பேட்டரி தீர்ற வரைக்கும் இதே படம்தான்" என்றார். "கட்டியா இருக்குமோன்னு பயமா இருக்கு. அப்படின்னா வயித்தைத் திறக்கணும்."

ரெஜினா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் கலைவாணனுக்குத் தெரிந்துவிட்டது. மாமல்லபுரத்தில் வேன் ஓட்டிக்கொண்டு, வருகிற பயணிகளிடம் ஓயாமல் கதை அளக்கிற மனுஷன். இப்போது வாயைத் திறக்க வரவில்லை.

காப்ஸ்யூலுக்கு முன்னால், விழுங்கிப் பழகச் சின்ன மிட்டாய் கொடுங்கள் என்றுதான் ஜெனிட்டா சொல்லி அனுப்பியிருந்தாள். உள்ளே போனாலும் கரைந்துவிடும். ஆனால் கவியா எந்த மிட்டாயை விட்டுவைத்தாள்? எல்லாவற்றையும் கடித்துத் தின்றாள். நம்ம ஆளுக்குப் பொறுமை ஏது? ரெஜினா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, புளியங்கொட்டையைக் கழுவி, வாழைப்பழத்தில் பொதிந்து கொடுத்தான். கடித்தால் பல் போய்விடுமே, பிள்ளை முழுசாக விழுங்கியது. அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

"கொட்டை, காசுன்னு எதையாவது முழுங்கினாளா?" டாக்டர் கேட்டார்.

"இல்லவே இல்ல டாக்டர். கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திகினு பாத்துகினு கீறேன்" என்றாள் ரெஜினா.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "இல்ல டாக்டர்" என்றான். சொன்ன வேகத்தில் அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"நீ சொல்லும்மா."

கவியா அப்பனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "இல்ல" என்று அவளும் தலையாட்டினாள்.

டாக்டர் போனை எடுத்து சர்ஜனை அழைத்தார். மறுமுனையில் மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. கவியா அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "வயித்த அறுத்தா வலிக்குமாம்மா?" என்று கேட்டாள். அப்போதும் அப்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கலைவாணனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "போன வெச்சிடுங்க டாக்டர்! அது புளியங்கொட்ட. நான்தான் முழுங்க வெச்சேன். இவ சொல்லாததும் என்னாலதான்."

ரெஜினா மகளைத் தூக்கிக்கொண்டு அவனை விட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

"எப்ப குடுத்தீங்க?" டாக்டரின் குரல் கடுமையாக இருந்தது.

"போன வாரம்."

"இதுக்குள்ள வெளிய வந்திருக்கணுமே." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கொட்டையை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

சாயங்காலம் அவரே வார்டுக்கு வந்தார். "கட்டி இல்லை. குடல் ஒரு இடத்துல புண்ணாகி, வீங்கி, வழி குறுகியிருக்கு. ரத்தம் வர்றதும் அங்கதான். கொட்டையும் காப்ஸ்யூலும் அதைத் தாண்ட முடியாம மாட்டியிருக்கு. மருந்துல வீக்கம் வடிஞ்சா ரெண்டும் தானா வந்துடும். வடியலைன்னாதான் ஆபரேஷன். சொல்லாம விட்டிருந்தீங்கன்னா இன்னைக்கே சர்ஜன்கிட்ட அனுப்பியிருப்பேன்."

கலைவாணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பாதி உயிர்தான் திரும்பியிருந்தது.

ஜெனிட்டா முதல் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்தாள். அவன் எழுந்து போய் வாங்கி, மகளிடம் நீட்டினான். "முழுங்கு கண்ணு. ஒண்ணும் ஆவாது."

கவியா வாயைத் திறக்கவில்லை. மாத்திரையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இத முழுங்கலாமாம்மா?"