சும்மாக் கண்ணி

கம்பளி நூல் வியாபாரி தன் பின்னல் புத்தகத்துக்காகக் கொண்டுவந்து போட்ட உறையிலிருந்து ஏழாவது தாளை உருவியதும் அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கட்டம் போட்ட தாள். இரண்டு வயதுக் குழந்தைக்கான ஸ்வெட்டரின் முன்பக்கம், நடுவில் ஒரு வாத்து. பின்னல் புத்தகத்தில் வாத்துக்கா பஞ்சம்? வாத்தில் ஒன்றுமில்லை, வரிசை எண்கள்தான் இடம் மாறியிருந்தன. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றை எண்கள் வலது ஓரத்தில் ஏற வேண்டும். வலது கைக்காரர்கள் அங்கிருந்துதான் பின்னத் தொடங்குவார்கள். இதில் அவை இடது ஓரத்தில் ஏறியிருந்தன. கீழே குறி விளக்கத்தில், 'கறுப்புக் கட்டம்: மஞ்சள் நூல். வெள்ளைக் கட்டம்: சும்மா' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

சாதாரணக் கண்ணியை 'சும்மா' என்று சொல்கிறவள் உலகத்தில் ஒருத்திதான் உண்டு.

"இத யாரு குடுத்தாங்க அண்ணே?"

"யாருக்கும்மா தெரியும்? கடையில ஒரு பெட்டி வச்சிருக்கேன். வர்றவங்க போட்டுட்டுப் போவாங்க. புத்தகம் வந்தா ஓடி வந்து அவங்கவங்க பக்கத்தப் பாப்பாங்க." வியாபாரி எட்டிப் பார்த்தார். "நம்பர் எல்லாம் எடம் மாறிக் கெடக்கு பாரு. இந்தப் பக்கம் மாத்திடு. அந்த 'சும்மா'வயும் எடுத்துடு. நான் என்ன சும்மாவா நூல் விக்கிறேன்?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊராருக்கு அச்சுப் பக்கங்கள் அமைத்துக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கட்டளையம்மா என்று பேர். மற்றவர்கள் தட்டத் தட்டப் பக்கம் திரையில் தெரியும். இவளுடைய மென்பொருளில் அந்தக் கதையே கிடையாது. இது தலைப்பு, இது அட்டவணை, இங்கே இவ்வளவு இடம் விடு என்று எல்லாவற்றையும் கட்டளையாக எழுதி, ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் போச்சு, அடம்பிடிக்கும். ஒழுங்காக எழுதினால் மயிரிழை பிசகாமல் பக்கம் வந்து நிற்கும். சுற்றறிக்கை, கூட்டக் குறிப்பு, ஆண்டறிக்கை எல்லாம் அதில்தான். பின்னல் கட்டங்களுக்கும் அவளே ஒரு கட்டளையை உண்டாக்கி வைத்திருந்தாள். அந்த மென்பொருளில் இன்னொரு வசதியும் உண்டு. சதவீதக் குறி போட்டுத் தொடங்கும் வரியை அது கண்டுகொள்ளாது, அச்சில் வராது. வேலை செய்கிறவர்கள் தங்களுக்குக் குறிப்பு எழுதிக்கொள்ள வைத்த ஏற்பாடு. இவளோ ஆறு வருடமாக அதில் தங்கைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். போன வருடத்து இயக்குநர் குழுத் தீர்மானம் ஒன்றின் நடுவே, 'அப்பா போயிட்டாருடி, உனக்குச் சொல்ல அட்ரஸ் இல்ல' என்று ஒரு வரி இன்றைக்கும் கிடக்கிறது. கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர் ஒருவருக்கும் அது தெரியாது.

தங்கைக்கு இடது கைப் பழக்கம். வீட்டில் நொட்டாங்கை என்று கூப்பிட்டு, அது நொட்டா என்று சுருங்கிவிட்டது. அவள் எழுத உட்கார்ந்தால் அப்பா அடிஸ்கேலை இவள் கையில் கொடுத்து, "நொட்டாங்கைய நீட்டினா தட்டு" என்பார். இவளும் தட்டினாள். மூத்த பிள்ளை அல்லவா, அப்பா சொல்லைத் தட்டத் தெரியாமல் தங்கை கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் பின்னல் பழகும்போது மட்டும் யாரும் தட்டவில்லை. நொட்டா அக்காவுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்ப்பதுபோல அக்காவின் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். முழங்காலும் முழங்காலும் இடிக்கும். "இது என்ன கண்ணிடி?" என்று கேட்டால், "சும்மாக் கண்ணி, போக்கா" என்பாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு, இதே மேசைக்குத்தான் அவளுடைய அழைப்பு வந்தது. "கல்யாணம் பதிய ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நிக்கிறேங்க்கா. சாட்சிக்கு என் பக்கம் ஆள் இல்ல. நீ ஒருத்தி வந்தா போதும்." இவள், "மீட்டிங் குறிப்ப முடிக்கணும்டி" என்றாள். பச்சைப் பொய். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம், வேறொன்றுமில்லை. "சரிக்கா" என்று வைத்தவள்தான், அதோடு அந்த எண்ணும் செத்துப்போயிற்று. கூட்டக் குறிப்பை அன்றைக்கே முடித்துக் கொடுத்தாள். அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

இப்போது இரண்டு வயது அளவில் ஒரு வாத்து. அப்படியென்றால் ஒரு குழந்தை. ஆணோ பெண்ணோ, இவளைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டிய ஒன்று, இவள் இருப்பதே தெரியாமல் எங்கேயோ நடக்கப் பழகியிருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் இந்த அலுவலகத்தின் பெயர் இருக்கும். தெரிந்துதான் பெட்டியில் போட்டாளா? கேட்க ஆள் இல்லை.

எண்களை இடம் மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. விசைப்பலகையில் விரலை வைத்தாள். அடிஸ்கேலைப் பிடித்த மாதிரி இருந்தது. எடுத்துவிட்டாள். பிறகு தாளில் இருந்ததை இருந்தபடியே இடது பக்கத்தில் ஏற்றி, 'இடது கைக்கு' என்று தலைப்பிட்டாள். முழுக்கட்டத்தையும் அப்படியே திருப்பிப் போட ஒரு புதிய கட்டளை எழுதி, அதை எதிர்ப்பக்கத்தில் 'வலது கைக்கு' என்று வைத்தாள். 'சும்மா'வைத் தொடவில்லை. அதன் கீழே, வழக்கம்போல, சதவீதக் குறி போட்டு எழுதத் தொடங்கினாள். மனம் நிறைந்திருக்கும்போது வரி நீளத்தானே செய்யும்? நடுவில் எங்கேயோ அடுத்த வரிக்குத் தட்டிவிட்டாள். அடுத்த வரிக்கும் குறி போட வேண்டும் என்பது, பத்து வருடம் இதே வேலை செய்தவளுக்கு, அன்றைக்கு மறந்துபோயிற்று.

மறுநாள் காலை வியாபாரி சரிபார்க்கும் பிரதியோடு வந்து நின்றார்.

"ரெண்டு பக்கமா போட்டது நல்லாத்தான் இருக்கு. என் சம்சாரமும் நொட்டாங்கைதான், சந்தோசப்படுவா. ஆனா இது என்னம்மா?"

குறி விளக்கத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், தெளிவாக அச்சாகியிருந்தது: 'சும்மாவாச்சும் ஒரு தடவ வந்துட்டுப் போடி, நொட்டா. அக்கா இதே சீட்லதான் இருக்கேன்.'

அவளுக்கு முகம் சிவந்து காது அடைத்துக்கொண்டது. அடுத்த மேசைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"தப்பா விழுந்த வரிதானே? எடுத்துடு, அவ்ளோதான்" என்றார் வியாபாரி, பாவம், அவளைக் காப்பாற்றுகிற குரலில்.

ஒரு சதவீதக் குறி போட்டால் போதும். யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

"இல்லண்ணே" என்றாள். "தப்பாத்தான் விழுந்துச்சு. ஆனா இருக்கட்டும். எடுக்க மாட்டேன்."

வியாபாரி அவள் முகத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"அப்ப எழுத்த கொஞ்சம் பெருசாக்கும்மா" என்றார். "இவ்ளோ பொடிசா இருந்தா யாரு கண்ணுல படும்?"

அவள் அளவை இரண்டு புள்ளி கூட்டினாள். பொத்தானை அமுக்கினாள். திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு இரண்டு பக்கங்களும் சேர்ந்து வந்தன. இடப்பக்க வாத்து வலது பார்த்தும், வலப்பக்க வாத்து இடது பார்த்தும், நடு மடிப்பின் இரண்டு கரையிலும், மூக்கும் மூக்கும் முட்ட ஒரு விரல் இடைவெளியே மிச்சமாக நின்றன.