முதல் வசனத்தின் முதல் சொல்

வாத்தியாருக்கு வயிற்றில் அவசர அறுவை சிகிச்சை என்று முடிவானதும், முன்பு எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் கேட்டார். அதைச் சொல்லும் பழைய மருத்துவ அறிக்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. வலிக்குப் போட்ட ஊசியில் வாத்தியார் மயங்கிக் கிடந்தார். பாஸ்வேர்டை அவரிடம் கேட்க வழியில்லை. மனைவி தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அண்ணன் லாரிப் பட்டறைக்காரர். ஆறு வருடமாக அவருக்கும் வாத்தியாருக்கும் ஒரே வழக்குதான். சபையில் பழைய வேதாகமத்தை எடுத்துவிட்டுப் புதிய மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தவர் வாத்தியார். வீடு வீடாகப் போய், "நல்ல தமிழ், நல்ல தமிழ்" என்று பேசி ஜெயித்தார். அன்றிலிருந்து அண்ணன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். முன்னால் புதியதை வாசித்தால், பின்னால் இவர் பழையதை இரண்டு மடங்கு சத்தமாக வாசிப்பார்.

திரையில் ஒரு குறிப்பு தெரிந்தது: 'முதல் வசனம், முதல் சொல்.'

"'தொடக்கத்தில்'னு போடுண்ணே. புது வேதாகமம் அப்படித்தானே ஆரம்பிக்குது."

"அந்த வார்த்தைய என் கையால அடிக்க மாட்டேன். நீயே அடி."

அவள் ஆங்கில எழுத்தில் அடித்தாள். திறக்கவில்லை. ஒரு எழுத்தைக் கூட்டினாள், பிறகு குறைத்தாள். ம்ஹூம். இன்னும் ஒரு வாய்ப்புதான் என்று எச்சரிக்கை வந்தது.

ஊசி போடுவதற்கு முன், ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது அவர் வலி தாங்காமல் கத்தியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஆண்டவரே" என்றா கத்தினார்? பழைய வேதாகமத்துச் சொல்லான "கர்த்தாவே" என்றல்லவா!

"அண்ணே... 'ஆதியிலே'ன்னு போட்டுப் பாக்கலாமா?"

"தள்ளு. நான் அடிக்கிறேன்."

திறந்துகொண்டது.

அறிக்கையை டாக்டருக்கு அனுப்பி, அவர் சரியென்று சொன்ன பிறகுதான் அண்ணன் சிரித்தார். பக்கத்திலேயே 'காலை ஜெபம்' என்று ஒரு கோப்பு. "அடுத்தவங்க ஜெபத்தைப் படிக்காதேண்ணே" என்று அவள் சொல்வதற்குள் திறந்துவிட்டார். கிருபை, இரட்சிப்பு, ஸ்தோத்திரம். ஒரு புதுச் சொல்கூட இல்லை. அண்ணன் முகமெல்லாம் பல்லாக இருந்தது, மூன்றாவது வரி வரும்வரை: 'கர்த்தாவே, என் மச்சானுடைய கடின இருதயத்தை உடைத்தருளும்.'

அடுத்த நாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும்.

"ஆறு வருஷமா ஒரு நாள் விடாம என்னைப் பத்திச் சொல்லியிருக்காரும்மா" என்றார். புகாரா பெருமையா என்று தங்கைக்குப் புரியவில்லை.

"தயவுசெஞ்சு அவர்கிட்ட இதைக் கேட்டு வைக்காதேண்ணே. இப்பதான் வயித்தைக் கிழிக்கப் போறாங்க."

மூன்றாம் நாள் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாத்தியார் அதையும் இதையும் பேசிவிட்டு மெல்லக் கேட்டார்: "கம்ப்யூட்டரை எப்படித் திறந்தீங்க, மச்சான்?"

"அதுல என்ன இருக்கு மாப்பிள்ளை? 'தொடக்கத்தில்'னு அடிச்சேன். டக்குனு திறந்துருச்சு."

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமா" என்றார் கடைசியில். "நல்ல தமிழ்ச் சொல்."