மூன்றாவது மிக்ஸ்

நாளைக்குக் காலையில் நிஷா தாமலுக்குப் போகிறாள், அம்மா வீட்டுக்கு. எத்தனை நாளைக்கு என்று டேனியல் கேட்டதற்கு, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத வீட்டில் அது லேசான வார்த்தை இல்லை. ஒரு வாரமாகவே அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் தனக்குத் தெரியும் என்று டேனியல் நினைத்தான். காது விஷயம் எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டேனியலுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் ஏரியில் குதித்துக் குதித்துச் சீழ் வைத்து, வைத்தியம் பார்ப்பதற்குள் போய்விட்டது. "பொண்ணு வூட்டுல இதெல்லாம் சொல்லிக்கினு இருக்காத. இன்னொரு காது நல்லாதான கீது" என்று அவன் அம்மா வாயை அடைத்துவிட்டாள். அவனும் மகா புத்திசாலியாக, சாப்பிட உட்கார்ந்தாலும் பஸ்ஸில் போனாலும் நிஷாவை வலது பக்கமே வைத்துக் காலத்தை ஓட்டினான். ஆயுசு முழுக்க இப்படியே ஓட்டிவிடலாம் என்ற நினைப்பு வேறு. ஆம்பளைகளுக்குத்தான் இப்படியெல்லாம் யோசனை வரும்.

நிஷா, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவள். நாள் முழுக்க நாதஸ்வரமும் மேளமும் கேட்டுப் புளித்துப்போய் வீட்டுக்கு வந்தால், பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாத்தா காலத்து இங்கிலீஷ் ராக் ஆல்பம் ஒன்றில் மூழ்கிவிடுவாள். அதே ஆல்பம் அவளிடம் மூன்று மிக்ஸாக இருந்தது. குரல், கிடார், டிரம்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த ஆதி மிக்ஸ் ஒன்று. சமீபத்தில் யாரோ புதிதாக மெருகேற்றியது ஒன்று. ஸ்டீரியோ வந்த புதிதில் செய்தது இன்னொன்று. எது உசத்தி என்று தனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருப்பாள். அவனையும் கேட்கச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஹெட்போன் என்றாலே டேனியலுக்குப் பயம், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று. ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான்.

இன்று, அவளை எப்படியாவது சமாதானப்படுத்த, அவனே போய்க் கேட்டான். "அந்த ஆல்பத்த எனக்கும் போடேன். எந்த மிக்ஸு நல்லா கீதுன்னு நானும் சொல்றேன்."

நிஷா ஹெட்போனை அவன் தலையில் மாட்டிவிட்டாள்.

சர்ச்சுக்குப் போய்வந்து பிரியாணி சாப்பிட்ட மதியம். தெருவே தூங்கியது. கிடார் எங்கோ தூரத்தில் தொடங்கி, வெயிலோடு சேர்ந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. சுவர்கள் மெல்லத் தள்ளிப் போயின. கட்டில் ஏரித் தண்ணீரில் மிதப்பதுபோல இருந்தது. இத்தனை நாள் இவள் இங்கேதான் போய்வந்துகொண்டிருந்தாளா என்று நினைத்தபோது, கூடப் போகாமல் இருந்துவிட்டோமே என்று வருத்தமாகவும் இருந்தது.

முதல் மிக்ஸ் நன்றாக இருக்கிறது என்றான். இரண்டாவது பளபளவென்று இருக்கிறது என்றான். பெரிய ரசிகனைப்போலத் தலையை ஆட்டவும் செய்தான்.

மூன்றாவதில் பாடுகிறவனே இல்லை. கிடார் மட்டும் தனியாக அலைந்தது, யாருமில்லாத ஏரியில் ஒருவன் நீந்திக்கொண்டிருப்பதுபோல. கேட்கக் கேட்கக் கண் தானாக மூடிக்கொண்டது.

"இதான் சூப்பரு" என்றான் டேனியல். "பாடறவன நிறுத்திட்டு மியூசிக்க மட்டும் வுட்டுட்டானுங்க பாரு, அதான் டாப்பு."

நிஷாவின் புருவம் சுருங்கியது. ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு இடம் வலமாகத் திருப்பி அவனுக்கு மாட்டினாள். கிடார் காணாமல் போயிற்று. வலது காதுக்குள் ஒருவன் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தான்.

"இப்போ?"

"இப்போ பாடறான்" என்ற பிறகுதான் டேனியலுக்கு விளங்கியது. இந்த மிக்ஸில் குரலை ஒரு பக்கமும் கிடாரை மறுபக்கமுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"தப்புதான் நிஷா. எனக்கு எடது காது கேக்காது. கல்யாணம் நின்னுடும்னு பயந்துதான் சொல்லல. இதுக்காகத்தான அம்மா வூட்டுக்குப் போற?"

"இதுக்காகவா? இதுவே எனக்கு இப்பதான தெரியும்." அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "வண்டில நான் எந்தப் பக்கம் பாத்து ஒக்காருவேன்?" என்று கேட்டாள்.

இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, இடது பக்கம் பார்த்து. அவன் தோளைப் பிடித்துக்கொண்டால் அவள் வாய் அவனுடைய இடது காதுக்குப் பக்கத்தில் இருக்கும். பைக்கை மட்டும் அந்த மகா புத்திசாலி யோசிக்கவே இல்லை.

"நான் பேசிக்கினே வருவனே, எதுவுமே கேக்காதா?"

"காத்துல ஒன்னும் கேக்காது. நீ கோச்சிக்கப் போறியேன்னு ம், ம்னு சொல்லிக்கினே வருவேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "போன ஞாயித்துக்கெழம ஏரிக்கர மேல வரும்போது ஒன்னு கேட்டேன்."

"இன்னா கேட்ட?"

"என்னிய உங்களுக்குப் புடிக்கலியான்னு கேட்டேன். ம்னு சொன்னீங்க."

அதைச் சுமந்துகொண்டா இவள் ஒரு வாரமாகச் சோறாக்கினாள், வேலைக்குப் போனாள்? டேனியலுக்கு நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. வெட்கப்படாமல் அழுதான். அழுதுகொண்டே கட்டிலில் நகர்ந்து, தன் வலது பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டான்.

"புடிக்கும் நிஷா. ரொம்பப் புடிக்கும். வேற இன்னா இன்னா சொன்ன?"

"நெறைய சொன்னேன். எல்லாத்தயும் திருப்பிச் சொல்லணுமா?"

"சொல்லு."

"மொத நாள்லேர்ந்தா?"

"மொத நாள்லேர்ந்து."

அவள் வலது பக்கம் வந்து அவன் காதோடு வாய் வைத்தாள். "மொத நாளு, மெதுவா போங்க, பயமா கீதுன்னேன். நீங்க ம்னு சொல்லிட்டு இன்னும் வேகமா போனீங்க."