வாடாத பூக்கள்

மரங்களில் சிவப்புச் சாயம் பூசுவது என் வேலை. நான் கோடு போட்ட மரம் மறுவாரம் லாரியில் ஏறிவிடும். அந்தப் பட்டுப்போன பொந்து மரத்துக்கும் நான்தான் கோடு போட்டேன். காய்ந்த மரத்தால் யாருக்கு என்ன லாபம் என்று நினைத்த மகா புத்திசாலி நான். மரம் சாய்ந்து, பொந்திலிருந்து தேனீக்கள் புகையாய்க் கிளம்பிப் போனபோதுதான் விழித்தேன்.

அடுத்த பூப்பருவத்தில் மறைக்க மரமில்லாமல் வெயில் நேராகத் தரையில் விழுந்தது. முழங்கால் உயரச் செடிகளில் நீலப் பூக்கள் காடு கொள்ளாமல் பூத்தன. மேலதிகாரி படம் எடுத்து அலுவலகச் சுவரில் மாட்டினார். வெட்டியதால்தான் காடு செழித்தது என்று என் முதுகில் தட்டினார். நானும் அசடு வழியச் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் எங்கள் விதை அறையில் காய்களைப் பிளந்து, சலித்து, விதைகளை உறையில் போடுபவள். இந்தச் செடிக்கு ஆயுளே இரண்டு வருடம், இந்த முறை விதை விழாவிட்டால் வம்சம் அற்றுப்போகும் என்றாள். தூரிகையால் அவள் மகரந்தம் தடவிய நாற்பது பூக்கள் மறுநாளே மூடிவிட்டன. மற்றவை மூன்று வாரமாக வாடவில்லை.

"மகரந்தம் வந்து சேர்ந்தாத்தான்டா இது மூடும். அதுவரைக்கும் காத்துக்கிட்டே இருக்கும்."

அதைக் கேட்டதிலிருந்து அங்கே போகவே எனக்குப் பயம். ஒரு மாலை அந்த வழியாக வரவேண்டியிருந்தது. ஒரு ரீங்காரம் கூடக் கிடையாது. நடந்தால் வாசனை கூடியது, நின்றால் குறைந்தது. மனப்பிரமை என்று என்னையே அதட்டிக்கொண்டு பூக்களின் குறுக்கே வேகமாக நடந்து வீடு சேர்ந்தேன். கம்பளிக் காலுறை முழங்கால்வரை மஞ்சளாக இருந்தது.

மறுநாள் காலை அந்த நீலத்தின் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று தெரிந்தது. செடிகள் மிதிபடவில்லை, நிமிர்ந்துதான் நின்றன. நான் உரசிப் போன பூக்கள் மட்டும் மூடியிருந்தன. அன்றே இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு விதை அறைக்குப் போனேன். அக்கா அந்தத் தாளை வாங்கிப் படிக்காமலே மேஜையில் விரித்து, என் பாதையில் பறித்த காய் ஒன்றை அதன்மேல் பிளந்தாள். கறுப்பு விதைகள் பொலபொலவென்று என் பெயரின்மேல் கொட்டின. இந்தக் காட்டில் தேன்கூடு வேறு எதுவும் மிச்சமில்லை என்று அவள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"நீயும் கிளம்பிட்டா, யாருடா நடப்பாங்க?"

காலுறையை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். இலை அசையாத நண்பகல். முதல் அடி வைப்பதற்குள் பூக்கள் வரிசை வரிசையாக என் பக்கம் சாய்ந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடந்தேன்.