சிவப்புப் பெட்டி

எங்கள் மென்பொருளில் எது நடந்தாலும் திரையின் நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி வரும். "தவறு செய்துவிட்டீர்கள். சரிபார்க்கவும்." அவ்வளவுதான். பிரிண்டரில் தாள் தீர்ந்தாலும் அந்தப் பெட்டி, சர்வரோடு இணைப்பு அறுந்தாலும் அந்தப் பெட்டி. தேதியை ஒழுங்காக அடித்தாலும், அதற்குப் பிடித்த வரிசையில் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி. எழுதியவர் என் மாமா, அதாவது அக்காவின் கணவர். உலகத்தில் பிழை என்று ஒன்று இருந்தால் அது கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளிடம்தான் இருக்கும் என்பது அவருடைய கொள்கை.

அவருடைய நிறுவனம் அக்கா வீட்டு மாடியறை. நான் அங்கே சேர்ந்தபோது அந்த மென்பொருள் ஏற்கெனவே பல விலங்கு மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. புகார் ஃபோனை எடுப்பதும், போய்ப் பார்ப்பதும், சரிசெய்வதும் என் தலையில் விழுந்தன. மாடியில் சண்டை போட்டுவிட்டுப் படியிறங்கினால் கீழே அதே மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அக்கா சொல்வாள். இந்த வேலையில் அது வேறு எங்கேதான் இருக்கும்?

அன்றைக்கு வந்த புகார் மற்றவை மாதிரி இல்லை. ஒரு பெரிய மருத்துவமனையில் ஒரு பழுப்பு நாய்க்கு ஊசி போட்டதும் முகம் வீங்கி, மூச்சு முட்டி, கீழே விழுந்துவிட்டது. எப்படியோ பிழைத்துக்கொண்டது. அந்த ஊசி அதற்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரம்மா முந்தின நாள் மதியமே மென்பொருளில் அந்த நாய்க்குரிய பக்கத்தின் எச்சரிக்கைக் கட்டத்தில் அடித்து வைத்திருந்தார். அதை நம்பி அவர் விடுப்பில் போக, மறுநாள் பணியில் இருந்த இன்னொரு டாக்டர் பார்த்தபோது அந்தக் கட்டம் காலி. யார் கடைசியாகச் சேமித்தது என்று மென்பொருளின் பதிவில் தேடினால், டாக்டரம்மாவுக்குப் பிறகு ஒரே ஒரு பெயர். வாசல் கவுண்டரில் உட்காருவதால் எல்லாரும் கவுண்டரம்மா என்று கூப்பிடும் பெண்ணின் பெயர்.

மாமா பிரச்சினையை நின்ற இடத்திலேயே முடித்துவிட்டார். பதிவைப் பிரின்ட் எடு, கீழே 'பயனர் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போடு, சாப்பாட்டுக்கு வந்துவிடு என்றார். பயனர் பிழை என்றால் உபயோகித்தவர் செய்த தப்பு. எங்கள் அலுவலகத்தில் எல்லா வியாதிக்கும் அதுதான் மருந்து.

மருத்துவமனை வாசலிலேயே ஈரமான ரோமமும் கிருமிநாசினியும் கலந்த வாசனை அடித்தது. நாற்காலிகளெல்லாம் முடி. ஒரு கூடைக்குள்ளிருந்து ஒரு பூனை எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தது. கவுண்டரம்மா மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு கையால் ஃபோனும் ஒரு கையால் கீபோர்டுமாக இருந்தார். மதியம் மேலாளர் அறையில் கூட்டம் என்றும், என் அறிக்கை வந்ததும் தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தக் கட்டத்தைத் தொட்டீர்களா என்று கேட்டேன்.

"நான் ஃபோன் நம்பர் மட்டும்தான் மாத்தினேன். சாயங்காலம் நாய்க்காரர் கூப்பிட்டு, நம்பர் மாறிடுச்சுன்னாரு. மாத்தினேன், சேமிச்சேன். வேலை போனா போகட்டும்மா. ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்லப் பாத்தவங்கற பேரோட மட்டும் நான் இங்கேருந்து போகமாட்டேன்."

கண் கலங்கவில்லை. குரலும் உயரவில்லை.

காலியாக இருந்த ஒரு கணினியில் உட்கார்ந்து, சோதனைக்கு ஒரு மிருகத்தை உண்டாக்கினேன். வகை: யானை. நிறம்: பச்சை. அதற்கு ஒரு எச்சரிக்கை அடித்தேன். பிறகு திறந்து, ஃபோன் நம்பரை மாற்றிச் சேமித்தேன். எச்சரிக்கை கல்லு மாதிரி அப்படியே இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன், இருந்தது. இணைப்பைப் பாதியில் பிடுங்கிப் பார்த்தேன், சிவப்புப் பெட்டி வந்து என்னைத் திட்டியது, எச்சரிக்கை இருந்தது. நோண்டாத இடமெல்லாம் நோண்டினேன். மென்பொருள் உத்தமனாக உட்கார்ந்திருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு பேனாவை எடுத்திருப்பாள். எனக்கு மனசு வரவில்லை. பிழை வந்தது இந்தக் காலிக் கணினியில் இல்லையே, கவுண்டரில்தானே வந்தது? நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கவுண்டரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் பாட்டுக்கு வேலை பாருங்கள், நான் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அப்படியே நினைத்துக்கொண்டார். முழங்கையால் இரண்டு இடி வாங்கினேன்.

அப்போதுதான் அவர் திரையின் அடிப்பட்டியைப் பார்த்தேன். ஒரு விரல் வைக்க இடமில்லாமல் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒவ்வொன்றும் ஒரு மிருகத்தின் பக்கம்.

"இதெல்லாம் என்ன?"

"இன்னைக்கு வர்றதுங்க. காலையில வந்ததும் எல்லாத்தையும் திறந்து வச்சுடுவேன். உங்க தேடல்ல பேரை அடிச்சா அது எப்போ கண்டுபிடிச்சு, எப்போ திறக்கிறது? ஃபோன்ல இருக்கறவர் வள்ளுவள்ளுனு விழறாரு. அவர் நாய்கூட அப்படிக் குரைக்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மாடியறையில் யாரும் இப்படிச் செய்யமாட்டோம். ஒன்றைத் திறப்போம், மூடுவோம், அடுத்ததைத் திறப்போம். அங்கே கணினிக்கு எதிரில் வரிசையில் நின்று பல்லைக் கடிக்க யார் இருக்கிறார்கள்? தேடல் ஆமை வேகத்தில் ஓடியதால் இந்த அம்மாள் தன் பாட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். நாய்க்காரர் கூப்பிட்ட அன்றும் நாயின் பக்கம் காலையிலிருந்தே திறந்து கிடந்தது. மதியம் உள்ளறையில் டாக்டரம்மா எச்சரிக்கை அடித்தபோது, கவுண்டரில் திறந்திருந்த பக்கத்துக்கு அது தெரியவே தெரியாது. அது காலையில் பார்த்ததையே வைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் இவர் அதில் நம்பரை மாற்றிச் சேமிக்க, மென்பொருள் நம்பரை மட்டுமா எழுதியது? மொத்தப் பக்கத்தையும் எழுதியது. காலையில் எடுத்த நகலில் ஒரு எண்ணைத் திருத்திவிட்டு, அசலைக் கிழித்துப்போட்டு அந்த இடத்தில் நகலை ஒட்டியது மாதிரி. எச்சரிக்கை கிழிந்த தாளோடு போய்விட்டது.

பச்சை யானையின் பழைய எச்சரிக்கையை அழித்துவிட்டு, அதை இரண்டு கணினியில் திறந்தேன். ஒன்றில் எச்சரிக்கையை அடித்துச் சேமித்தேன். ஏற்கெனவே திறந்திருந்த மற்றதில் நம்பரை மாற்றிச் சேமித்தேன். போய்ப் பார்த்தால் எச்சரிக்கை மாயம். சிவப்புப் பெட்டி மட்டும் வரவில்லை. திட்டவேண்டிய ஒரே ஒரு சமயத்தில் அது வாயை மூடிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு ஃபோன் போட்டேன். கண்டுபிடித்ததைச் சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. ஒரே மிருகத்தை ஒரே சமயத்தில் இரண்டு பேர் திறக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் அப்படி விட்டாராம். சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாமாம். நான் மட்டும் பயனர் பிழை என்றே எழுத வேண்டுமாம். மருத்துவமனைக்காரர்கள் புதுக்கிளைகள் திறக்கப்போகிறார்களாம், அங்கேயும் நம் மென்பொருள்தான் போகவேண்டுமாம்.

"அப்போ அந்தம்மா?"

"அவங்களுக்கு வேற வேலை கிடைக்கும். நான் கிளம்பி வர்றேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

என்னிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லி இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. அடுத்த நிமிஷமே அக்கா கூப்பிட்டாள். மாமா படியிறங்கும்போதே சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. உன் மாமாவின் மானம் போகாமல் பார்த்துக்கொள் என்று கெஞ்சினாள். மாமாவின் மானத்துக்காக இன்னொரு பொம்பளையின் மானத்தை எடுத்துக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஃபோனையே அணைத்துப்போட்டேன். கோபத்தில்தான், பயத்தில் இல்லை. சரி, கொஞ்சம் பயமும்தான்.

மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ரூல்ஸ். மேசையில் பேனாக்கூட நேர்கோட்டில் இருக்கும். மதியக் கூட்டத்தில் அவர், விடுப்பிலிருந்து திரும்பியிருந்த டாக்டரம்மா, கவுண்டரம்மா, நான். மாமா வேர்க்க விறுவிறுக்க வந்தார், கையில் அறிக்கையை அடித்தே எடுத்துக்கொண்டு. கீழே என் பெயரும் இருந்தது, கையெழுத்துக்கு இடம் விட்டு. அதை என் முன்னால் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளினேன்.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று மாமா பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார். பேசவேண்டியது இங்கேதான் என்றேன். பிறகு மேலாளரிடம், உங்கள் கணினியில் பச்சை யானையைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். திறந்தார். தேடல் முடிகிற வரைக்கும் நாங்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டரம்மாவை உள்ளறைக்குப் போய் அதே யானைக்கு ஒரு எச்சரிக்கை அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டு வந்தார். இப்போது மேலாளரைத் தன் திரையில் ஃபோன் நம்பரை மட்டும் மாற்றச் சொன்னேன். மாற்றினார். சேமித்தார். யானையை மூடி மறுபடி திறக்கச் சொன்னேன்.

எச்சரிக்கைக் கட்டம் காலி. பதிவைத் திறந்து காட்டினேன். கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் மேலாளரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"இப்போ சொல்லுங்க சார். உங்களை வீட்டுக்கு அனுப்ப நான் அறிக்கை எழுதித் தரணுமா?"

டாக்டரம்மா இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். மேலாளர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. இது ஒரு தொழில்நுட்பக் கோளாறு என்று மெல்ல ஆரம்பித்தார். தேடல் ஏன் மெதுவாக இருக்கிறது, அதனால் கவுண்டரில் என்ன நடக்கிறது என்று முழுவதையும் சொன்னேன். மாமா அறிக்கையை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாய்க்காரரிடம் தானே பேசுவதாகவும், விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம் என்றும் மேலாளர் சொன்னார்.

கவுண்டரம்மா எழுந்து நின்றார்.

"எல்லார் முன்னாடியும்தான் என்னைக் கேட்டீங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

மேலாளர் மேசைப் பேனாவை இன்னும் கொஞ்சம் நேராக்கினார். பிறகு வேறு வழியில்லாமல் எழுந்து கவுண்டருக்கு வந்தார். ஊழியர்கள், கூடைக்குள் பூனை, அதன் சொந்தக்காரர் என்று எல்லாருக்கும் கேட்கும்படி, எச்சரிக்கையை அழித்தது கவுண்டரம்மா இல்லை, மென்பொருள் என்று சொன்னார். கவுண்டரம்மா கேட்டுக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அடித்துக்கொண்டிருந்த ஃபோனை எடுத்தார்.

அன்றிரவு வீட்டில் மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே, நாளையிலிருந்து இவள் மாடிக்கு வரவேண்டாம் என்று அக்காவிடம் சொன்னார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.

"சரி. அப்போ நாளையிலேருந்து புகார் ஃபோனை நீங்களே எடுத்துக்குங்க."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே வரவில்லை.

மறுநாள் உட்கார்ந்து சரிசெய்தேன். தேடலை வேகப்படுத்தினேன். இனி நம்பரை மாற்றினால் நம்பர் மட்டும்தான் மாறும். நீங்கள் திறந்து வைத்திருக்கும் பக்கத்தை வேறொருவர் அதற்குள் மாற்றியிருந்தால், மென்பொருள் சேமிக்காமல் நின்று, அந்த மாற்றத்தைக் காட்டும். அதற்கு ஒரு பெட்டி வேண்டியிருந்தது. சிவப்பு வேண்டாம் என்று வெள்ளையாக வைத்து, இப்படி எழுதினேன்: "நீங்கள் திறந்த பிறகு வேறொருவர் இந்தப் பக்கத்தை மாற்றியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். இது உங்கள் தவறு அல்ல."

மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னார். சாஃப்ட்வேரில் யாராவது இப்படி எழுதுவார்களா, பார்க்கிறவன் சிரிக்கமாட்டானா என்று கேட்டார். இத்தனை வருஷமாக மென்பொருள் எல்லாரையும் திட்டியபோது யாரும் சிரிக்கவில்லையே என்றேன். அந்த வரி போனால் நானும் போவேன் என்றேன். அவர் புகார் ஃபோனை ஒரு தடவை பார்த்தார், கீழே இறங்கிப் போய்விட்டார்.

புது மென்பொருளைப் போட்டுச் சில நாள் கழித்துப் புகார் ஃபோன் அடித்தது. கவுண்டரம்மா.

"அந்த வெள்ளைப் பெட்டி வந்துச்சும்மா."

என்ன பிரச்சினை, எந்தப் பக்கம், சேமிக்க முடிந்ததா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். பின்னால் ஏதோ ஒரு நாய் ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்றேன்.

"ஒண்ணுமில்ல. இன்னும் மூடல. அப்படியே வச்சிருக்கேன்."