நனையாத இருக்கை

தண்ணீர் பார்க்குக்குப் போய் ஒரு சொட்டுக்கூட நனையாமல் திரும்புவது எப்படி என்று பிரவீனா ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்தது போதாதென்று கைப்பேசியிலும் தேடிப் பார்த்தாள். படகின் முன்னால் உட்காரக் கூடாது, அருவிப் பக்கம் திரும்பக் கூடாது, பாலத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் கண்ணில் படக் கூடாது என்று ஒரு வீடியோவில் யாரோ ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு அது விளையாட்டு.

அவளுக்கு இடது காதுக்குக் கீழே, கழுத்தில், ஒரு சின்ன வெற்றிலை அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. கல்லூரியில் சேர்ந்த வருடம் புள்ளியாக ஆரம்பித்து மெல்லப் படர்ந்து அப்படியே நின்றுவிட்டது. சேலத்தில் தோல் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். யாருக்கும் ஒட்டாது, வலிக்காது, உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிய அவள் அம்மா நல்லம்மாள், வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "மறைக்கறதுக்கு என்ன பூசறதுன்னு கேக்காம உட்டுட்டமே சாமி" என்றாள். அன்றிலிருந்து தோல் நிறத்தில் ஒரு கிரீம், அதற்கு மேல் பவுடர், அதற்கும் மேல் துப்பட்டா. பரமத்திவேலூரில் அவள் கணக்குப் பாடம் எடுக்கும் பள்ளியில்கூட யாருக்கும் தெரியாது.

அவளுக்குப் பேசி முடித்திருந்த சபரிநாதன் வீட்டுக்கும் தெரியாது. திருச்செங்கோட்டுக்காரர்கள். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் இரண்டு, மத்தியப் பிரதேசத்தில் ஓடிக்கொண்டிருந்தன. தை மாதம் நிச்சயம் செய்து உப்புச் சர்க்கரை மாற்றியாகிவிட்டது. அதை மாற்றிய பிறகு பேச்சு மாறினால் இரண்டு வீட்டுக்கும் கேவலம். அந்தத் தைரியத்தில்தான் நல்லம்மாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

"தாலி ஏறட்டும். அதுக்குப் பொறவு நீயே சொல்லிக்க."

"அது ஏமாத்தறதுங்கம்மா."

"ஆரு ஏமாத்தாம கல்யாணம் பண்றாங்க?"

பிரவீனாவுக்கு அது ஒப்பவில்லை. அவளாகச் சொன்னால் அது ஒரு சேதி. அவர்களாகக் கண்டுபிடித்தால் அது திருட்டு. சபரிநாதன் தினமும் இரவு பேசுவான். சாப்பிட்டீங்களா என்று ஆரம்பித்து, சின்ன வயதில் ரிக் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கியதுவரை சொல்வான். "எங்கிட்ட எதுன்னாலும் சொல்லலாமுங்க" என்று ஒருமுறை சொன்னான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, நேரில் பார்க்கும்போது சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தாள். நேரில் பார்க்கிற சந்தர்ப்பம்தான் இப்படி வந்து சேர்ந்தது. சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் புதிதாகத் திறந்த தண்ணீர் பார்க்குக்கு எல்லோரும் போகலாம் என்று சபரியின் தங்கை அபிநயா ஏற்பாடு செய்துவிட்டாள். தனியாக அனுப்ப மாட்டார்கள். அபிநயாவும் அவள் அம்மா தெய்வநாயகியும் கூட வந்தார்கள்.

பார்க்கில் நுழைந்ததும் அபிநயா கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க அண்ணி, அலைக் குளத்துல எறங்கலாம். நைலான் டிரெஸ் அங்கயே வாடகைக்குத் தர்றாங்க."

"எனக்குச் சளி புடிச்சிருக்குதுங்க. நான் பாத்துட்டிருக்கறேன்."

"பாருங்கம்மா, ரெண்டும் சொல்லி வெச்ச மாதிரி. அண்ணனுக்கும் சைனஸாம்."

தெய்வநாயகி சிரித்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணாக் குந்திப் பேசறதுக்குச் சாக்கு. நீ போயி நனையு போ."

அபிநயா நனையப் போனாள். தெய்வநாயகி காலை மட்டும் நனைத்துக்கொள்ளப் போனாள். பிரவீனாவும் சபரியும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் பார்க்கில் அந்த ஒரு பெஞ்சுதான் காய்ந்து கிடந்தது.

காலை முழுவதும் நன்றாகத்தான் போயிற்று. காய்ந்த இடமாகப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். பெரிய வாளி கவிழ்கிற இடத்தில், மணி அடித்ததும் அவன் அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். கட்டைப் படகு சரிந்து விழுகிற இடத்தில், எந்த வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் எட்டாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"வந்திருக்கறீங்களா இதுக்கு முன்னால?"

"ஞாயித்துக்கெழம வந்து ஒரு சுத்துப் பாத்துட்டுப் போனனுங்க."

"எதுக்கு?"

"உங்களைக் கூட்டிட்டு வரோணுமில்ல. எங்கெங்க எப்படி இருக்குதுன்னு பாக்க வேண்டாமா?"

தனக்காக ஒருவன் முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். வெயிலில் அவன் நெற்றி வேர்த்திருந்தது. கைக்குட்டையால் துடைக்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தான். எவ்வளவு பதவிசு என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அபிநயா விடவில்லை. ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்து போகிற ரப்பர் படகு ஒன்று இருந்தது. கால்வாயில் சுற்றிச் சுற்றி மிதந்து போகும்.

"இதுல ஒண்ணுமே நனையாதுங்க அண்ணி. காசு குடுத்து உள்ள வந்துட்டுப் பெஞ்சுல குந்தீட்டு ஊட்டுக்குப் போறதா? கல்யாணத்தன்னைக்கு இணைச்சீருக்கு நாந்தான் உங்க ஊட்டுக்காரர் பக்கத்துல உக்காரோணும். ஞாபகம் வெச்சுக்கங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரி இணைச்சீருக்கு உட்காராமல் முகூர்த்தத்துக்குப் போக முடியாது. அந்த உரிமை அவள் பேச்சில் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

வரிசைக்குப் பக்கத்தில் மழைக்கோட்டு விற்கிற கடையில் ஒரே ஒரு கோட்டுதான் மிச்சம் இருந்தது. சபரி அதை வாங்கிப் பிரவீனாவிடம் நீட்டினான். அபிநயா குறுக்கே வந்து அதை அண்ணன் தலைவழியே மாட்டிவிட்டாள்.

"சைனஸை வெச்சுட்டு தியாகம் பண்ணாத. அண்ணி நனைஞ்சா இன்னும் அழகாத்தான் இருப்பாங்க."

சபரி அதைக் கழற்றவில்லை. தலை மூடியின் நாடாவைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டான். படகில் ஏறும் இடத்தில் நின்ற ஆளிடம், "ஏனுங்க, எந்த சீட்டு நனையாதுங்க?" என்று கேட்டான்.

"போட் சுத்தும் சார். எந்த சீட்டுன்னு அதுதான் முடிவு பண்ணும்."

வரிசையில் நிற்கும்போதே பிரவீனா சொல்லியிருந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. இதுல எறங்குன பொறவு."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "எனக்கும் ஒண்ணு சொல்லோணும். நீங்க மொதல்ல சொல்லுங்க, பொறவு நான் சொல்றேன்."

அந்தப் பேச்சு தந்த சந்தோஷத்தில்தான் அவள் படகில் ஏறினாள். துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே அபிநயாவும் தெய்வநாயகியும். மற்றவர்கள் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம்.

முதல் வளைவுவரை பயமில்லை. பாலத்தடியில் போனபோது மேலிருந்து யாரோ பீய்ச்சிய தண்ணீர் அபிநயாவின் மேல் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது வளைவில் செயற்கைக் காற்று அடிக்கிற விசிறி இருந்தது. காற்று மழைக்கோட்டுக்குள் புகுந்து ஊத, மலிவான பிளாஸ்டிக் நாடாவோடு கிழிந்து, தலை மூடி பின்னால் பறந்தது.

அப்போதுதான் பிரவீனா பார்த்தாள். சபரியின் நெற்றியோரத்தில் முடி தோலைவிட்டுத் தனியாக எழுந்து நின்றது. அது முடியல்ல, முடி தைத்த மெல்லிய வலை. அதற்குக் கீழே பசை காய்ந்த வெறும் மண்டை பளபளத்தது. அவன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளிறிப் போயிருந்தது. படகு சுற்றிக்கொண்டே அருவியை நோக்கிப் போயிற்று. ஈரோட்டுக்காரர்கள் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் யோசிக்கவில்லை. கழுத்திலிருந்து துப்பட்டாவை உருவி அவன் தலையில் போட்டாள். நெற்றியோரத்தில் விரல்களால் அந்த வலையை அழுத்தி, சுற்றி, இறுக்கிக் கட்டினாள். பார்க்கிறவர்களுக்கு, நனைந்துவிடுவானே என்று ஒரு பெண் ஆசையாகப் போர்த்திவிடுவதுபோல இருந்திருக்கும். அவன் அவள் கண்ணைப் பார்த்தான். இவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்தது. அவள் லேசாகத் தலையசைத்தாள். பரவாயில்லை என்று அதற்கு அர்த்தம்.

அடுத்த நொடி அவள் இருக்கை அருவிக்கு நேராக வந்தது.

இறங்கியபோது அவள் முழுக்க நனைந்திருந்தாள். தெய்வநாயகி துண்டை நீட்டினாள். பிரவீனா கழுத்தை மூடத்தான் அதை வாங்கினாள். அதற்குள் அபிநயா, "ஐயோ, அண்ணிக்கு ஒடம்பெல்லாம் மண்ணு" என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் வழிந்த பழுப்புக் கறையைத் தன் துண்டால் துடைத்தாள். ஒரே இழுப்பில் கறை வந்துவிட்டது.

அபிநயாவின் கை நின்றது. துண்டைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

அண்ணி என்ற சொல் அந்தக் கேள்வியில் இல்லை.

"இதைத்தானுங்க இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். இது ஒட்டாதுங்க. டாக்டரு..."

"அம்மா, இங்க வாங்க. இதைப் பாருங்க." அபிநயா அந்தத் துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் தேய்த்தாள். "உப்புச் சக்கரை மாத்துற அன்னைக்கு இதையும் பூசிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தீங்களா?"

பிரவீனா சபரியைப் பார்த்தாள். அவன் நாலடி தள்ளி நின்றிருந்தான். அவளுடைய நீலத் துப்பட்டா அவன் தலையில் பத்திரமாக இருந்தது. அது மட்டும் அதிகம் நனையவில்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானும்தான் மறைத்தேன் என்று சொல்லக்கூட வேண்டாம். எனக்கு இது ஒரு பொருட்டில்லை என்று சொன்னால் போதும். அவள் காத்திருந்தாள்.

"நான் வண்டிய எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

திரும்பி வரும்போது காரில் தெய்வநாயகி பிரவீனா பக்கம் சாயாமல் கதவோரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோதும் துப்பட்டா அவன் தலையிலேயே இருந்தது. அதைத் திருப்பிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் தெய்வநாயகி நல்லம்மாளைக் கூப்பிட்டாள். கோபமில்லாமல் தணிவாகத்தான் பேசினாள்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா இணைச்சீருக்கு உக்கார மாட்டேன்னு அபிநயா ஒரே புடியா நிக்கறா. தங்கச்சி உக்காராத கல்யாணத்தை எப்படீங்க நடத்தறது? நீங்க மறைச்சதுதானுங்க எங்களுக்கு மனசுக்கு ஆகல."

நல்லம்மாள் போனை வைத்துவிட்டு, மகளுக்கு இட்லி எடுத்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயந்தரம் சபரி கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டதற்காகப் பிரவீனா தன்னையே வெறுத்தாள்.

"என்னைத் தப்பா நெனைக்காதீங்க. அபிகிட்ட எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன்."

"உங்களுதையும் சொல்லிப் பாத்தீங்களா?"

"அவங்களுக்கெல்லாம் அது தெரியுமுங்களே. அது வேற."

"எப்படீங்க வேற?"

பின்னால் ஏதோ வண்டியின் இஞ்சின் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நேத்து நீங்க பாத்ததை..." என்றான். "ஆருகிட்டயும் சொல்லீர மாட்டீங்களே? அம்மா வேற எடத்துல பேசீட்டிருக்கறாங்க. அதுக்குத்தான் கேட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேங்க. அந்தப் புள்ளைகிட்டயாவது நீங்களே மொதல்ல சொல்லீருங்க."

"கல்யாணம் ஆகட்டும். அதுக்குப் பொறவு சொல்லிக்கலாமுங்க."

அம்மா சொன்ன அதே பேச்சு. பிரவீனா போனை வைத்தாள். யாரு என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். "ராங் நம்பருங்கம்மா" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் தரகர் மறுபடி வந்து போனார். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு பையன், தோட்டம் துரவு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள். நல்லம்மாள் சேலம் போய் ஒரு புதுக் கிரீம் வாங்கி வந்தாள். பழையதைவிடச் சின்ன டப்பா.

"இது தண்ணி பட்டாலும் போவாதாம் சாமி. வேணும்னா ஒருக்காப் போட்டுக் கழுவிப் பாரு."

பிரவீனா பள்ளி விட்டு வந்து முகம் கழுவியிருந்தாள். கழுத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"நான் எதையும் பூச மாட்டனுங்கம்மா. வர்றவங்க பாத்துட்டே போகட்டும்."

"பாத்தா போயிருவாங்க சாமி."

"அப்பப் போகட்டும்."

"நெசமாவே போயிருவாங்க" என்றாள் நல்லம்மாள். பயமுறுத்துகிற குரல் இல்லை. நடக்கப்போவதைச் சொன்னாள். பிரவீனாவுக்கும் அது தெரிந்திருந்தது.

அம்மா டப்பாவை எடுத்து, உள்ளே இருப்பது காய்ந்துவிடாமல் மூடியை இறுக மூடி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.