அதிகாரியம்மாவின் சிபாரிசு

நம்பிக்கையின் விலை தலைக்கு முந்நூறு ரூபாய். அந்த விலைக்குத்தான், வெளியே வந்த கைதிகளைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலகத்தை அரசு ஒரு கம்பெனியின் தலையில் கட்டியது.

பொறுப்பை ஒப்படைத்த அன்று அதிகாரியம்மா, சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வந்திருந்த பூட்டுக்காரனைப் புதிய மேனேஜரிடம் மெச்சினார். "தங்கமான ஆளு சார். பழைய கூட்டாளியைப் பார்த்ததைக்கூட அவனே வந்து சொன்னான்."

மேனேஜர் தலையாட்டினார். பழைய கூட்டாளிகளைப் பார்க்கக் கூடாதென்ற நிபந்தனையை மீறிவிட்டான் என்று மறுநாளே போலீஸைக் கூப்பிட்டார்.

மேசையைக் காலி செய்ய வந்த அதிகாரியம்மாவை, விலங்கோடு நின்ற பூட்டுக்காரன் பார்த்தான். "உண்மையைச் சொல்லு, நான் பாத்துக்கிறேன்னு சொன்னீங்களேம்மா. பொய் சொன்னவனெல்லாம் வீட்ல காப்பி குடிக்கிறான்."

"எனக்கும் வேலை போச்சுப்பா."

"அப்போ சரிக்குச் சரின்னு வச்சுக்கலாமா?"

அவன் தந்தது ஓர் உண்மை, பெற்றது மிச்சமிருந்த ஆறு மாதச் சிறை. அவர் தந்தது ஒரு வாக்கு. அது இன்னும் பாக்கி.